உபவாச ரத்தம்

இடது மார்பில் கைக்குத் தட்டுப்பட்ட கட்டியைப் பற்றி ஜெயசீலி யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ரத்தப் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்தாள்.

கேட்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. சேலையூர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேலாகப் பிளஸ் டூ வேதியியல் எடுக்கிறவள் அவள். ஒரு திரவத்தில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் சொட்டுச் சொட்டாக அளந்து எண்ணாக்கிப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி, அதுவே அவளுக்கு ஒரு நம்பிக்கையாகிவிட்டது. எண் என்று ஒன்று வந்துவிட்டால் கூட்டலாம், குறைக்கலாம், பக்கத்தில் இன்னொன்றை வைத்து ஒப்பிடலாம். கட்டியை என்ன செய்வது? சுண்டைக்காய் அளவில், அழுத்தினாலும் வலிக்காமல், கை எடுத்த பிறகும் விரல் நுனியில் உட்கார்ந்திருந்தது அது.

வலிக்காததுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. அக்கா யூனிஸுக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்ததும் வலிக்காத கட்டிதான். வலது மார்பை எடுத்தார்கள். கீமோ நாட்களில் அக்காவை முடிச்சூர் வீட்டிலிருந்து ஆட்டோவில் அழைத்துப் போய், சொட்டு மருந்து இறங்கும் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஜெயசீலி. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் முதல் கதவைத் தட்டக் கை வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஒரு லேபுடன் சேர்ந்து ரத்தப் பரிசோதனை முகாம் வைத்தார்கள். சர்க்கரை, தைராய்டு, கொலஸ்ட்ரால் என்று போய்க்கொண்டிருந்த நோட்டீஸின் கடைசி வரியில், தனிக் கட்டணம் என்ற குறிப்போடு, ‘ஃப்ரீ ஃபேட்டி ஆசிட்’ என்ற கொழுப்பு அமிலப் பரிசோதனை இருந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னால் அவள் போனில் ஒரு கட்டுரை படித்திருந்தாள். ரத்தத்தில் சில வகைக் கொழுப்பு அமிலங்கள் கூடுதலாக இருக்கும் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஓரளவு கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன என்று அதில் போட்டிருந்தது. ‘சில’, ‘ஓரளவு’, ‘வாய்ப்பு’ ஆகிய மூன்று சொற்களையும் அவள் கண் தாண்டிப் போய்விட்டது. பரீட்சைத் தாளில் ஒரு மாணவி இப்படித் தாண்டியிருந்தால் சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பாள்.

கொழுப்பு அமிலம் என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வகுப்பில் அவள் தாம்பரம் ரயில்வே யார்டைத்தான் உதாரணமாகச் சொல்வாள். பெட்டிக்குப் பின் பெட்டியாக நிற்கிற ரயிலைப் போலப் பதினாறு, பதினெட்டு கார்பன்கள் வரிசையாகக் கோத்து நிற்கும். முன்னால் இன்ஜின் மாதிரி ஓர் அமில முனை. அதுதான் ஒரு கொழுப்பு அமிலம். மூன்று ரயில்களை கிளிசரால் என்ற சின்ன மூலக்கூறில் சேர்த்துப் பூட்டினால், அது நம் இடுப்பிலும் தொடையிலும் சேமிப்பாகக் கிடக்கிற கொழுப்பு. உடம்புக்கு எரிபொருள் வேண்டும்போது நொதிகள் வந்து பூட்டைக் கழற்றிவிடும். கழன்ற ரயில்கள் ரத்தத்தில் இறங்கி, ஆல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு, தசைக்கும் இதயத்துக்கும் போய்ச் சேரும். அப்படிப் பூட்டுக் கழன்று பயணத்தில் இருக்கிறவற்றைத்தான் அந்த லேப் எண்ணித் தரும்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலமான லெந்து நாட்கள் அவை. வியாழன் இரவு சாப்பிட்டதோடு சரி. வெள்ளிக்கிழமை முழுநாள் உபவாச ஜெபம். சாயங்காலம் ஜெபம் முடிந்து மற்றப் பெண்கள் கஞ்சி குடித்தபோது ஜெயசீலி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டாள். மறுநாள் காலை ரத்தம் கொடுக்க வெறும் வயிறாக இருக்க வேண்டும். ஏற்கெனவே வயிறு சுத்தமாக இருக்கிறது, நடுவில் எதற்குக் கஞ்சி? சொட்டு அளக்கும் பியூரெட் குழாயை எத்தனை தடவை அலசுகிறோமோ அத்தனை துல்லியம் என்பது அவள் கணக்கு. சனிக்கிழமை காலை லேசாகத் தலை சுற்றியது. கையை நீட்டி, கண்ணை மூடி, வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் சொல்லிக்கொண்டே ரத்தம் கொடுத்தாள்.

திங்கட்கிழமை ஆய்வகத்தில் செய்முறை வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது முடிவு போனுக்கு வந்தது. மற்றவையெல்லாம் சாதாரண எழுத்தில் இருந்தன. அந்த ஒன்று மட்டும் தடித்த எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறியோடு நின்றது. இருக்க வேண்டிய உச்ச அளவைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

“மிஸ், பிங்க் ஆயிடுச்சு மிஸ்! இன்னும் ஊத்திட்டே இருக்கீங்க!”

செய்து காட்டுவதற்காக அவள் திறந்த பியூரெட்டின் திருகு திறந்தபடியே இருந்தது. குடுவையில் வெளிர் ரோஜா நிறத்தில் நிற்க வேண்டிய திரவம் ஊதாவாகக் கறுத்துவிட்டிருந்தது.

“பார்த்தீங்களா? இப்படித்தான் எண்ட் பாயிண்ட்டைத் தாண்டக் கூடாது” என்று சொல்லிச் சமாளித்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலமே சமையலறையில் வேலை தொடங்கியது. எண்ணெய் டின்னைத் தூக்கி வேலைக்கார அம்மாவிடம் கொடுத்தாள். பிஸ்கட், பஃப்ஸ், மிக்சர் எல்லாம் வெளியே போயின. ஆளி விதையை வறுத்துப் பொடித்து டப்பாவில் அடைத்தாள். ஒமேகா த்ரீ கூடினால் மற்றது அடங்கும் என்று எங்கோ படித்திருந்ததால், மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் மீன்கார கங்கையம்மாளிடம் தினமும் மத்தி வாங்கத் தொடங்கினாள்.

“இன்னா டீச்சரம்மா, லெந்து முடியாங்காட்டியும் இந்தப் பக்கமே வரமாட்டேன்னு சொல்லிட்டுப் போன. இப்ப டெய்லி வந்துகினு கீற?” என்றாள் கங்கையம்மாள்.

“டாக்டர் சாப்பிடச் சொல்லியிருக்காங்கம்மா.”

“மத்தி எழுதிக் குடுக்குற டாக்டரா? யாரு அந்தப் புண்ணியவான்? அட்ரஸ் குடு, நானும் நாலு பேர அனுப்புறேன்.”

பக்கத்துக் கூடைக்காரிகள் சிரித்தார்கள். ஜெயசீலியும் சிரித்துவிட்டு நடந்தாள். எந்த டாக்டரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

வீட்டில் இதைவிடப் பெரிய சிக்கல். அவள் கணவர் அசரியா கூடுவாஞ்சேரியில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறவர். செருப்பைக் கழற்றும்போதே மூக்கைச் சுருக்கினார்.

“சீலி, என்ன வாசனை இது?”

“மத்திக் குழம்பு.”

“லெந்துலயா? நாப்பது நாளும் வீட்டுல கறி, மீன் கிடையாதுன்னு ஆண்டவர்கிட்ட பொருத்தனை பண்ணது யாரு? நானா?”

“ரிப்போர்ட்ல கொழுப்பு ஏறியிருக்குங்க. மீன் நல்லது. இப்ப ஆயர் வந்து நம்ம அடுப்பை மோந்து பார்க்கப் போறாரா?”

“ஆயரை விடு. ஆண்டவர் மோந்து பார்ப்பாரே!”

“பார்க்கட்டும். அவருக்குத் தெரியாததா?”

கடைசி வார்த்தையில் அவள் குரல் ஒரு மாதிரி உடைந்தது. அசரியா அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார். தட்டில் ரசத்தை மட்டும் ஊற்றிக்கொண்டு எழுந்து போனார். அவள் தனியாக உட்கார்ந்து மீனைச் சாப்பிட்டாள். மீறின பொருத்தனை ஒவ்வொரு கவளத்திலும் தொண்டையில் முள்ளாக நின்றது. மருந்து என்று நினைத்து விழுங்கினாள்.

இப்படியே வாரங்கள் போயின. எண் இறங்கினால் கட்டியும் இறங்கும் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானேகூட முழு வாக்கியமாகச் சொல்லிக்கொண்டதில்லை. ஆனாலும் அவள் நாட்கள் அந்த நினைப்பின் மேல்தான் ஓடின. குளிக்கும்போது இடது பக்கத்தில் சோப்பை அவசரமாகத் தேய்த்துவிட்டுக் கையை எடுத்துவிடுவாள். சில நாள் எடுக்க முடியாமல், ஆள்காட்டி விரலால் தேடுவாள். சிறுத்திருக்கிறதா? நேற்று இங்கேதானே இருந்தது? சிறுத்த மாதிரி ஒரு நாள் இருக்கும். மறுநாள் அவரை விதை அளவுக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும். விரல் நல்ல அளவுகோல் இல்லை. அதிலும் பயந்த விரல்.

லெந்து முடியும் தறுவாயில், குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வாரம் அவள் மறுபடியும் பரிசோதிக்க அந்த லேபுக்கே போனாள். முந்தின ரிப்போர்ட்டைப் பார்த்த நர்ஸ் உள்ளே போய்ச் சொல்ல, லேப் மருத்துவர் அனுப்பிரியா அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். சின்ன வயது. மேஜை மேல் பாதி குடித்த டீ.

“மேடம், போன தடவை ரத்தம் கொடுக்கிறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் சாப்பிடாம இருந்தீங்க?”

“சுத்தமா வெறும் வயித்துலதான் வந்தேன் டாக்டர். வியாழக்கிழமை நைட்டுக்கு அப்புறம் தண்ணி மட்டும்தான்.”

“வெள்ளிக்கிழமையா ரத்தம் எடுத்தாங்க?”

“இல்ல, சனிக்கிழமை காலைல. வெள்ளிக்கிழமை உபவாசம்.”

அனுப்பிரியா பேனாவை வைத்துவிட்டாள். “ஐயோ மேடம்! முகாம்ல யாரும் கேக்கலையா? பன்னெண்டு மணி நேரம் போதும். நீங்க ஒன்றரை நாள் பட்டினி கிடந்திருக்கீங்க.”

“கூடுதலா இருந்தா நல்லதுதானே?”

“இந்த டெஸ்ட்டுக்கு அதான் ஆகாது. நாம சாப்பிட்டா இன்சுலின் ஏறும். இன்சுலின் இருக்கிற வரைக்கும் கொழுப்பு பூட்டியே இருக்கும். சாப்பாடு வராம வராம இன்சுலின் இறங்கிடும். கல்லீரல்ல இருக்கிற சர்க்கரையும் தீர்ந்து போயிடும். அப்ப உடம்பு என்ன பண்ணும்?”

“சேமிப்பை உடைக்கும்” என்றாள் ஜெயசீலி. அவள் குரல் வகுப்பில் பதில் தெரிந்துவிட்ட மாணவியின் குரல் போல் இருந்தது.

“அவ்வளவுதான். பூட்டெல்லாம் கழண்டு மொத்தமும் ரத்தத்துல இறங்கும். அந்த நேரத்துல ஊசி போட்டு எடுத்தா ரெண்டு மடங்கு காட்டாம என்ன காட்டும்? உங்க உடம்பு செய்ய வேண்டியதைச் சரியா செஞ்சிருக்கு. நேத்து எப்ப சாப்பிட்டீங்க?”

“நைட்டு எட்டு மணிக்கு. இட்லி.”

“அப்ப இப்ப எடுத்துக்கலாம். ஆமா, இதை யார் எழுதிக் கொடுத்தது? பொதுவா இதை யாரும் கேக்க மாட்டாங்களே.”

“நானாதான். சும்மா ஒரு ஆர்வம்” என்றாள் ஜெயசீலி.

மறுநாள் வந்த எண், இருக்க வேண்டிய அளவுக்கு நடுவில், அம்புக்குறி எதுவும் இல்லாமல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. ஜெயசீலிக்கு உடம்பே லேசாகிவிட்டது. பள்ளி விட்டதும் நேரே முடிச்சூருக்கு ஆட்டோ பிடித்தாள். இத்தனை வாரமாக அக்காவின் முகத்தைப் பார்ப்பதையே தவிர்த்திருந்தாள். இப்போது சிரித்துக்கொண்டு போகலாம்.

யூனிஸ் மாடிப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீமோவுக்குப் பிறகு முளைத்த முடி சுருட்டை சுருட்டையாக நின்றது.

“வாடி, பெரிய மனுஷி. நான் உயிரோடதான் இருக்கேன்னு இப்பதான் ஞாபகம் வந்துச்சா?”

ஜெயசீலி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்: உபவாசம், இன்சுலின், பூட்டு, மத்தி, அசரியாவின் கோபம். சொல்லச் சொல்லக் கை வீசி, சிரித்து, வகுப்பெடுப்பது போலவே சொன்னாள். யூனிஸும் சிரித்தாள். பிறகு கீரைத் தண்டைக் கிள்ளியபடியே கேட்டாள்:

“அதெல்லாம் சரி. உனக்கு எதுக்குடி திடீர்னு இந்த டெஸ்ட்டு?”

“சும்மாதான். மார்பகப் புற்றுநோய்க்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு படிச்சேன். உனக்கு வந்ததால எனக்கும் பார்த்துக்கலாமேன்னு.”

“எனக்கு வந்ததால வருஷா வருஷம் மேமோகிராம் எடுத்துக்கச் சொல்லி எங்க டாக்டர் உன்னை உக்காரவெச்சு சொன்னாங்க. அதை எடுத்தியா?”

“எடுக்கணும்.”

யூனிஸ் கீரையைக் கீழே வைத்தாள். ஜெயசீலி எதிர்ச் சுவரைப் பார்த்தாள். 2015-இல் வந்த பெருவெள்ளம் விட்டுப்போன கோடு ஆள் உயரத்துக்கு மேல் இன்னும் மங்கலாகத் தெரிந்தது. அந்தச் சில நொடிகளில், இத்தனை வாரமாகச் செய்யாத கணக்கை அவள் மனசு தானாகவே செய்து முடித்தது. கெட்ட எண் வந்தது பட்டினியால். அதற்கும் கட்டிக்கும் சம்பந்தமே இல்லை. அப்படியென்றால் நல்ல எண்ணுக்கும் இல்லை. அந்த ஆய்வுகள் ஆயிரக்கணக்கான பெண்களைச் சேர்த்து வைத்து, இந்தக் கூட்டத்தில் கொஞ்சம் அதிகம், அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் குறைவு என்று சொல்கிறவை. அதில் ஒருத்தியின் மார்பில், ஓர் இடத்தில், கைக்குத் தட்டுப்படுவது என்னவென்று ரத்தத்துக்குத் தெரியாது. அவள் அளந்துகொண்டிருந்தது வேறு எதையோ.

“எந்தப் பக்கம்?” என்றாள் யூனிஸ்.

கட்டி இருக்கிறதா என்று கேட்கவில்லை. எந்தப் பக்கம் என்றுதான் கேட்டாள்.

“இடது” என்றாள் ஜெயசீலி.

“எத்தனை நாளா?”

“லெந்துக்கு முன்னாடியிலேர்ந்து.”

யூனிஸ் அவள் முதுகில் ஒரு அடி போட்டாள். விளையாட்டு அடி இல்லை. “படிச்ச முட்டாள்! நான் செத்தா போயிட்டேன்? என்கிட்ட சொல்றதுக்கு உனக்கு என்னடி?” சொல்லிக்கொண்டே அடித்த கையால் அவளை இழுத்து, தட்டையான வலப்பக்கத்தில் சாய்த்துக்கொண்டாள். “அழுது முடி. முகம் கழுவு. நாளைக்குப் போறோம். ஸ்கூலுக்கு லீவு சொல்லு.”

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஸ்கேன் மையம் அது. மேமோகிராம் அறையில் இரண்டு தட்டுகளுக்கு நடுவில் மார்பை வைத்து அழுத்தினார்கள். தடிமனாக இருந்தால் ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழுந்து மறைத்துவிடும். பரத்தினால்தான் உள்ளே இருப்பது தனித்தனியாகத் தெரியும் என்று படம் எடுத்த பெண் சொன்னாள். ஜெயசீலி பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். பிறகு அல்ட்ரா சவுண்ட். ஸ்கேன் மருத்துவர் ஸஹானா ஸ்கேன் கருவியை ஒரே இடத்தில் வைத்து, முன்னும் பின்னும் சாய்த்து, வெகு நேரம் திரையைப் பார்த்தாள். நீர்க்கட்டி என்றால் முழுக்கக் கறுப்பாகத் தெரியும் என்று ஜெயசீலி படித்திருந்தாள். திரையில் இருந்தது சாம்பல் நிறம்.

“திடக்கட்டி. ஓரம் ஒரு பக்கம் தெளிவா இல்ல. இந்த மாதிரி இருக்கிறதுல நிறைய சாதாரணமாவே முடியும். ஆனா பார்த்து மட்டும் சொல்ல முடியாது. ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுக்கணும்” என்றாள் ஸஹானா.

“எப்ப?”

“வீட்டுல பேசிட்டு வர்றீங்களா?”

“பேசிட்டேன் டாக்டர். இன்னைக்கே எடுங்க.”

உண்மையில் அதற்குப் பிறகுதான் அசரியாவுக்குப் போன் செய்தாள். பாதியில் பேச முடியாமல் யூனிஸிடம் கொடுத்தாள். கூடுவாஞ்சேரியிலிருந்து அவர் எப்படி வந்தார் என்று தெரியவில்லை, சட்டை முழுக்க வேர்த்திருந்தது. எதிரில் வந்து நின்றார்.

“அந்த மத்தி இதுக்குத்தானா?” என்றார்.

அவள் தலையாட்டினாள்.

“சொல்லியிருந்தா லெந்து கிந்துன்னு பேசியிருப்பேனா, சீலி?”

ஊசி போடும் அறைக்குள் அவரையோ அக்காவையோ விடவில்லை. மரத்துப் போவதற்கு மருந்து போட்டுவிட்டு ஸஹானா சொன்னாள்: “உள்ள ஸ்பிரிங் இருக்கு. விட்டா ‘டப்’புன்னு சத்தம் வரும். சத்தத்துக்குப் பயப்படாதீங்க, அசையாதீங்க.” சொன்ன மாதிரியே சத்தம் வந்தது. வலி இல்லை, உள்ளே யாரோ சுண்டிவிட்ட மாதிரி இருந்தது. தீக்குச்சியைவிட மெல்லிய ஒரு வெள்ளை இழையைச் சின்னப் புட்டியில் போட்டார்கள். இன்னொரு தடவை. இன்னொரு தடவை.

ஜெயசீலி தலையைத் திருப்பிப் புட்டியைப் பார்த்தாள். இழைகள், சதை கெடாமல் காக்கிற ஃபார்மலின் திரவத்தில் மெதுவாகத் தள்ளாடி அடியில் போய்ப் படுத்தன.

“மூழ்குதே டாக்டர்” என்றாள்.

“மூழ்கணும். கொழுப்பா இருந்தா மேல மிதக்கும். அப்ப ஊசி கட்டியில படாம பக்கத்துல போயிடுச்சுன்னு அர்த்தம், மறுபடி குத்தணும்.”

“அப்ப மூழ்கினா...?”

“கட்டியிலேர்ந்துதான் எடுத்திருக்கோம்னு அர்த்தம். அவ்வளவுதான். சாதாரணக் கட்டியும் மூழ்கும், மத்ததும் மூழ்கும். எதுன்னு மைக்ராஸ்கோப்ல பார்த்துட்டு வர்ற வாரம் சொல்வாங்க.”

ஜெயசீலி அந்த மூன்று இழைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பயம் இம்மியும் குறையவில்லை. இன்னும் சொன்னால் இப்போதுதான் அது முழு உருவத்தில் எதிரே நின்றது. ஆனால் இத்தனை வாரத்தில் முதல் முறையாகக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டாகிவிட்டது. இனி பதில் எதுவாக இருந்தாலும் அது இதைப் பற்றிய பதிலாக இருக்கும்.

நர்ஸ் புட்டியில் பெயரை ஒட்டினாள். ஜெயசீலி படுத்தபடியே, இடது என்று எழுதியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். எழுதியிருந்தது.

“மூடியை நல்லா இறுக்கித் திருகும்மா. ஃபார்மலின் ஆவியாயிடும்” என்றாள்.

நர்ஸ் சிரித்துக்கொண்டே இன்னொரு சுற்று திருகினாள்.